வெள்ளி, இறைசால், டாலர்: ஸ்பானியக் காசொன்றின் பெயர் வரலாறு

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ உள்ள நகைக்கடை ஒன்றனுள் அமர்ந்து, திருமணத்திற்கு நகை கொள்ள வந்தோர் பேச்சினைச் சிறிது நேரம் கேட்டிருப்போர்க்குச் சொல்லாராய்ச்சிக்குரிய செய்தி ஒன்று கிடைக்கும். “மூணு பவுன்ல சங்கிலி, அதுக்கு ஏத்த மாதிரி ஒரு டாலர்” என்று தாய் ஒருத்தி கேட்பாள். அவளுக்குப் பவுன் என்பது எட்டுக் கிராம் எடை. டாலர் என்பது சங்கிலியில் தொங்கும் பதக்கம். இரண்டும் அயல்நாட்டு நாணயங்களின் பெயர்கள் என்பதை அவளும் நினைப்பதில்லை, கடைக்காரரும் நினைப்பதில்லை. நினையாமையே சொல் தமிழாகிவிட்டது என்பதற்குச் சான்று.

பவுன் என்னும் சொல்லின் வரலாறு ஓரளவு தெளிவானது. ‘பவுண்டு’ என்பது இலத்தீனில் எடையைக் குறித்த சொல்லினின்று வந்தது. ஆங்கிலத்தில் எடைக்கும் பணத்திற்கும் பெயராயிற்று. பின்னர் ஒரு பவுண்டு மதிப்புள்ள சவரன் என்னும் பொற்காசைத் தமிழர் பவுன் என்றனர். அக்காசின் நிறை ஏறத்தாழ எட்டுக் கிராம். ஆகவே காசு வழக்கொழிந்த பின்னும் அதன் நிறை நின்றது, பெயரும் நின்றது. எடையிற் பிறந்த சொல் காசாகி, மீண்டும் எடையாயிற்று. டாலரின் கதை இத்துணை நேரானதன்று. அதனை அறியவேண்டின், ஸ்பானியர் வெளியிட்ட பெரிய வெள்ளிக் காசொன்றின் பின்னே நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியிருக்கிறது.

இவ்வாராய்ச்சியில் நம்மைப் புகுத்தியது ஒரு மாணவர் கட்டுரை. ஸ்பானியர் தம் வெள்ளிக் காசினை ‘ரெயால்’ என்று வழங்கினர் என்றும், அச்சொல் தமிழ் ‘இறை’ என்பதினின்று பிறந்ததென்றும், யாழ்ப்பாணத்தில் வழங்கிய ‘இறைசால்’ என்னும் காசுப் பெயர் அதற்குச் சான்று என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. மாணவரின் ஆர்வத்தை நாம் குறை கூறவில்லை. ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது. ரெயால் என்பதன் பொருள் அரசனுக்குரியது. இறை என்பதன் பொருளும் அரசன். இத்தகைய இரட்டை ஒப்புமையே சொல்லாராய்ச்சியில் மிகவும் இடர் விளைப்பது. முற்றிலும் பொருந்தாத ஒப்புமையை எவரும் எளிதில் விலக்குவர். பாதி பொருந்துவதே அறிஞரையும் மயக்கும்.

முதலில் காசின் வரலாற்றைக் காண்போம். பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் காஸ்தீல் நாட்டு வேந்தன் முதலாம் பேத்ரோ ‘ரெயால்’ என்னும் வெள்ளிக் காசினை வெளியிட்டான். அச்சொல் இலத்தீனில் அரசனுக்குரியது எனப் பொருள்படும் ‘ரெகாலிஸ்’ என்பதன் திரிபு. ‘ரெக்ஸ்’ என்னும் அரசன் பெயர் அதன் அடி. இடையில் நின்ற ககர ஒலி தேய்ந்து கெட்டதும், இவ்வாறே இலத்தீன் சொற்கள் பல ஸ்பானிய மொழியில் குறைந்ததும் அம்மொழி வரலாற்றில் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டவை. ஆதலின் ரெயாலுக்குத் தமிழில் வேர் தேடவேண்டிய தேவை இல்லை. பெர்டினாந்தும் இசபெல்லாவும் 1497-இல் செய்த நாணயச் சீர்திருத்தத்திற்குப் பின் எட்டு ரெயால் மதிப்புள்ள பெருங்காசு உருவாயிற்று. 1536-இல் மெக்சிகோ நகரில் நாணயச்சாலை தொடங்கியது. 1545-இல் இன்றைய பொலிவியாவிலுள்ள பொதோசியில் வெள்ளிமலை கண்டறியப்பட்டது. அதன்பின் இப்பெருங்காசு வெள்ளமெனப் பெருகியது. அதன் நிறை ஏறத்தாழ 27 கிராம். 1728-இலும் 1772-இலும் ஸ்பானிய அரசு அதன் மாற்றினைச் சிறிது குறைத்ததாயினும், உலக வணிகர் அதன்மேல் வைத்த நம்பிக்கை பெரிதும் குறையவில்லை.

அக்காசுக்கு அதன் தாயகத்திலேயே பெயர் ஒன்றன்று. எட்டு ரெயால் என்னும் மதிப்பாற் பெற்ற பெயர் ஒன்று. ஆங்கிலேயர் அதனை ‘எட்டன் துண்டு’ என்னும் பொருள்பட வழங்கினர். மற்றொன்று ‘பேசோ’. பேசோ என்பதற்கு எடை என்பதே பொருள். இது தமிழர்க்குப் புதிதன்று. நம் முன்னோர் பொன்னைக் கழஞ்சினால் நிறுத்தனர். கழஞ்சு என்பது கழற்சிக்காயின் பெயரோடு தொடர்புடைய எடைப் பெயர். கல்வெட்டுகளில் அது பொன்னின் அளவாகவும் பணத்தின் அளவாகவும் வருவதை ஈண்டு விரிக்கவேண்டா. மஞ்சாடியும் குன்றியும் அவ்வாறே. காசை எண்ணுவதற்கு முன் நிறுப்பது எங்கும் இயல்பு. நிறுப்பதன்றி நோட்டமும் வேண்டும். காசினை நோட்டம் பார்க்கும் வண்ணக்கர் சங்க காலத்திலேயே இருந்தனர் என்பதை வடம வண்ணக்கன் தாமோதரனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் முதலிய புலவர் பெயர்களே காட்டும். பாடலும் பாடி நாணயமும் நோட்டமிட்ட அப்புலவர்களை எண்ணும்போது, இக்கட்டுரை இலக்கிய ஆராய்ச்சி இதழில் இடம்பெறுவது தவறன்று என்னும் துணிவு நமக்கு உண்டாகிறது.

காசுகளுக்குப் பெயர் எவ்வாறு அமைகிறது என்பதற்குத் தமிழ்க் கல்வெட்டுகள் நல்ல பாடம். அரசன் பெயரால் அமைந்தது மதுராந்தகன் மாடை. நாட்டின் பெயரால் அமைந்தது ஈழக்காசு. வழக்கின் தன்மையால் அமைந்தது அன்றாடு நற்காசு. உருவத்தால் அமைந்தது பன்றி வடிவம் பொறித்த வராகன். உலோகத்தால் அமைந்தது பொன். இறுதியிற் கூறியதே நமக்கு இன்றியமையாதது. பொன் என்பது பழந்தமிழில் உலோகப் பொதுப்பெயர். பின்னர்த் தங்கத்தின் சிறப்புப்பெயர். பின்னர் ஒரு நாணயத்தின் பெயர். கன்னடத்தில் அது ‘ஹொன்னு’ என்றாகிப் பொற்காசைக் குறித்தது. அதனையே பாரசீகத்தில் எழுதியோர் ‘ஹூன்’ என்றனர். வராகன் என்று நாமும் பகோடா என்று ஐரோப்பியரும் கூறிய அதே காசுதான் ஹூன். இதனைப் பின்னர் ஒருமுறை நினைவுகூர்வோம்.

ஸ்பானியக் காசு உலகெங்கும் சென்றபோது ஒவ்வொரு மக்களும் தத்தம் கண்ணிற்குப் புலனான ஒன்றைப் பற்றி அதற்குப் பெயர் இட்டனர். ஆங்கிலேயர் இட்ட பெயர் டாலர். போகிமிய நாட்டில் யோக்கிம் பள்ளத்தாக்கில் கிடைத்த வெள்ளியைக் கொண்டு 1520-ஆம் ஆண்டையொட்டி அடிக்கப்பட்ட பெருங்காசுகள் ‘யோக்கிம்ஸ்தாலர்’ எனப் பெற்றன. ‘தால்’ என்பது செருமானிய மொழியில் பள்ளத்தாக்கு. சொல்லின் முற்பகுதி வழக்கில் உதிர்ந்து தாலர் நின்றது. அது டச்சுமொழி வழியாக ஆங்கிலத்தில் டாலர் ஆயிற்று. வடிவில் ஒத்த ஸ்பானியக் காசுக்கும் ஆங்கிலேயர் அதே பெயரை இட்டனர். அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1792-இல் தமக்கென நாணயச் சட்டம் செய்தபோது இக்காசையே அளவாகக் கொண்டன. அந்நாட்டில் அது 1857 வரை சட்டப்படி செல்லும் பணமாகவும் இருந்தது. ஒரு பள்ளத்தாக்கின் பெயர், அப்பள்ளத்தாக்கின் வெள்ளி கலவாத காசுக்கும், பின்னர் வெள்ளியே இல்லாத தாளுக்கும் பெயராயிற்று.

1732 முதல் மெக்சிகோவில் இயந்திரத்தால் அடிக்கப்பட்ட காசில் இரண்டு தூண்களும் அவற்றிடையே இரண்டு உலக உருண்டைகளும் இருந்தன. தூண்கள் மத்தியதரைக் கடலின் வாயிலைக் குறிப்பன. எர்க்குலிசின் தூண்கள் என்பது மேலையோர் மரபு. எகிப்தியர் அத்தூண்களைப் பீரங்கிகள் எனக் கொண்டு அக்காசினைப் ‘பீரங்கியின் தந்தை’ என்றனர். வேறு சில அரபியர் அதனைச் சாளரம் எனக் கொண்டு ‘அபூ தாக்கா’, அதாவது சாளரத்தின் தந்தை, என்றனர். போர்த்துக்கேசியர் வழங்கிய ‘பத்தாக்கா’ என்னும் காசுப்பெயர் அதினின்று வந்ததெனக் கூறுவாரும் உளர். சீனர் காசின் வட்ட வடிவை நோக்கி ‘யுவான்’ என்றனர். வட்டமானது என்பதே அதன் பொருள். மலாய் மக்கள் ஓரத்தை நோக்கினர். முன்பு வெட்டியும் தட்டியும் ஆக்கப்பட்ட காசுகளின் ஓரத்தைச் சுரண்டி வெள்ளியைத் திருடுவோர் பலர். அதனைத் தடுக்கவே இயந்திரக் காசின் விளிம்பில் வரி வெட்டினர். அவ்வாறு வெட்டுப்பட்ட, பல்பல்லான விளிம்புடையது என்னும் பொருளில் மலாயர் அதனை ‘ரிங்கிட்’ என்றனர். தூண் பார்த்தவர், வட்டம் பார்த்தவர், விளிம்பு பார்த்தவர் என இங்ஙனம் பலர். தமிழர் எதனைப் பார்த்தனர்?

இவ்வினாவிற்கு விடை காணச் சோழமண்டலக் கரைக்கு வருவோம். ஸ்பானிய வெள்ளி சென்னைக்கு இரு வழிகளில் வந்தது. ஒன்று மேற்குவழி: ஆங்கிலக் கும்பினியார் ஐரோப்பாவில் வாங்கிய ஸ்பானியக் காசுகளைப் பெட்டி பெட்டியாக ஏற்றி நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கொணர்ந்தனர். மற்றொன்று கிழக்குவழி: அமெரிக்க வெள்ளி அகாபுல்கோ துறையிலிருந்து பசிபிக் கடலைக் கடந்து மணிலாவிற்கு வந்தது, 1565 முதல் 1815 வரை அக்கலங்கள் ஓடின. மணிலாவில் சோழமண்டலத் துணி விலையாயிற்று; ஆண்டுதோறும் வெள்ளி இங்கு வந்தது. ஸ்பானியர் தம் துறையில் ஆங்கிலக் கப்பல்களை ஏற்க மறுத்தமையின், சென்னை வணிகர் ஆர்மீனியர் முதலிய ஆசிய வணிகர் பெயரில் கலம் செலுத்தினர். ஆர்மீனியருள் மணிலா வாணிகத்தால் பெரும்பொருள் ஈட்டியவர் கோஜா பெத்ருசு உசுக்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் 1726-இல் தம் பொருளில் அவர் கட்டுவித்த பாலம் மாம்பலத்தின் பெயரால் மார்மலாங் பாலம் எனப்பட்டது. இன்று அவ்விடத்தில் இருப்பது மறைமலையடிகள் பெயர் தாங்கிய பாலம். பழைய பாலத்தின் சுண்ணாம்புக்கும் கல்லுக்கும் கொடுத்த கூலியில் மெக்சிகோ வெள்ளி கலந்திருக்கும் என்று கூறுவது மிகையன்று.

மணிலாவோடு தமிழ்நாட்டிற்கிருந்த தொடர்பினை மற்றொரு சொல்லும் காட்டும். நம் வட்டாரத்தில், பூவிருந்தவல்லிக்கு அப்பாலுள்ள சிற்றூர்களிலும் தெற்கே தென்னார்க்காட்டிலும், நிலக்கடலையை ‘மல்லாக்கொட்டை’, ‘மல்லாட்டை’ என்பர். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ அது. தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர் மணிலா வழியாக இங்கு வந்தது என்பதை அப்பெயர் ஒருவாறு காட்டுகிறது. வெள்ளி உருகிப்போயிற்று, கடலையின் பெயர் நின்றது.

1762-இல் ஆங்கிலேயர் சென்னையிலிருந்தே படை செலுத்தி அவ்வாண்டு அக்டோபர் 6-இல் மணிலாவைக் கைப்பற்றினர். நகரைக் கொள்ளையிடாமல் விடுதற்கு அவர்கள் கேட்ட மீட்புத்தொகை நாற்பது இலட்சம் டாலர். அதில் ஒரு பகுதியே கைக்கு வந்தது. அப்படையில் சென்ற சென்னைச் சிப்பாய்களுட் சிலர் திரும்பாமல் மணிலாவை அடுத்த கயிந்தா என்னும் ஊரில் தங்கிவிட்டனர் என்பதும், அவர் வழியினர் அங்கு வாழ்கின்றனர் என்பதும் அந்நாட்டார் கூறும் செய்தி.

இனி, சென்னைக்கு வந்த ஸ்பானியக் காசுக்கு இங்கு நேர்ந்தது யாது? உருக்குவதே நேர்ந்தது. 1736-இல் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரும் 1742-இல் சென்னை ஆங்கிலேயரும் ஆற்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமை பெற்றனர். அந்த ரூபாய்க்கு வேண்டிய வெள்ளியிற் பெரும்பகுதி ஸ்பானியக் காசினின்று கிடைத்தது. அதாவது, கப்பலினின்று இறங்கிய காசு மாற்று நோக்கப்பட்டு, நிறுக்கப்பட்டு, உலைக்குள் சென்றது, கடைத்தெருவிற்குச் செல்லவில்லை. பூவிருந்தவல்லிச் சீமையில் நிலவரி செலுத்திய உழவன் வராகனையும் பணத்தையும் காசையும் அறிவான். பின்னர் ரூபாயையும் அறிந்தான். தூண் பொறித்த ஸ்பானியக் காசை அவன் கண்டிருக்கமாட்டான். கண்டிராத காசுக்கு மக்கள் பெயரிடுவதில்லை. சென்னைத் தமிழில் அக்காசுக்குப் பெருவழக்கான தனிப்பெயர் வேரூன்றாமைக்குக் காரணம் இதுவே என்பது நம் கருத்து.

உலைக்குப் போகாமலே உருமாறிய காசுகளும் உண்டு. 1807-ஐ ஒட்டிச் சென்னையில் புதிய இயந்திரங்கள் கொண்டு நாணயம் அடிக்கத் தொடங்கியபோது, ஸ்பானிய டாலர்களை எடை குறைத்து அவற்றின்மேலேயே புதிய அச்சினைப் பதித்து வெள்ளி அரை வராகன்களை வெளியிட்டனர். ஒருபுறம் கோபுரமும் அதன் இருமருங்கிலும் விண்மீன்களும். மறுபுறம் திருமாலின் உருவம். ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளிலும் காசின் பெயர் பொறிக்கப்பட்டது. நாணயம் திரட்டுவோர் கையிலுள்ள சிலவற்றை ஒளிக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால், கோபுரத்தின் அடியில் ஸ்பானிய எழுத்துகளின் நிழல் தோன்றும். அக்காசின் பாரசீக எழுத்து ‘நீம் ஹூன் பூலி’ என்பது. அரைப் பூவராகன் என்பது அதன் பொருள். மேலே நாம் கூறிய ஹூன் என்னும் சொல் பொன் என்பதன் திரிபு என்பதை ஈண்டு நினைவுகூர்க. மெக்சிகோ நாட்டு வெள்ளியில், ஸ்பானிய வேந்தன் அச்சின்மேல், சென்னையில் அடித்த காசுக்குப் பெயர் அரைப்பொன்! உலோகம் ஒன்று, பெயர் மற்றொன்று. வராகனே அந்நாளில் கணக்கின் அளவாக இருந்தமையின் வெள்ளிக் காசும் பொன்னின் பெயரைத் தாங்கவேண்டியதாயிற்று. 1818-இல் ரூபாயே சென்னை மாகாணத்தின் தலைமை நாணயமாகி, நூறு வராகனுக்கு முந்நூற்றைம்பது ரூபாய் என விகிதம் வகுக்கப்பட்ட பிறகே இந்நிலை மாறியது. தென்னாடு நெடுங்காலம் பொன்னையே பணமாக எண்ணிய நாடு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வுண்மையை உளங்கொண்டு கடல் கடந்து செல்வோம். மலாய்த் தீவக்குறையில் ஸ்பானியக் காசு உருக்கப்படவில்லை; கைக்குக் கை மாறியது. ஆங்கிலேயர் அங்கே நிலம் பெற்ற உடன்படிக்கைகள் சில அக்காசிலேயே எழுதப்பட்டன. 1786-இல் பினாங்கு அவர் கைக்கு வந்தது. நம் கல்வெட்டுகள் கடாரம் எனக் கூறும் கெடாவின் சுல்தானுக்கு அதற்காக ஆண்டுதோறும் 6,000 ஸ்பானிய டாலர் தர 1791-இல் உடன்பட்டனர். 1800-இல் அது 10,000 ஆயிற்று. 1819 பிப்ரவரி 6-இல் சிங்கப்பூரில் செய்த உடன்படிக்கையில் சுல்தான் உசேனுக்கு ஆண்டிற்கு 5,000 டாலரும் தெமெங்கோங் என்னும் தலைவருக்கு 3,000 டாலரும் குறிக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே பினாங்கினின்று இராபிள்சுடன் சிங்கப்பூர் வந்த நாராயண பிள்ளை முதலில் அரசுக் கருவூலத்தில் பணியாற்றினார். மாரியம்மன் கோயிலை 1827-இல் நிறுவியவர் அவரே. தமிழர் கையில் அக்காசு அந்நாட்டில் முதல் நாள் தொட்டே புழங்கியது என்பதற்கு அவர் ஒருவரே போதும். கும்பினி அரசு அங்கு இந்திய ரூபாயைப் புகுத்த முயன்றும் வணிகர் ஏற்கவில்லை. 1867 ஏப்ரல் முதல் நாள் அக்குடியேற்றங்கள் இந்திய அரசினின்று பிரிந்தபோது டாலரே சட்டமுறை நாணயமாயிற்று.

அங்கு வாழ்ந்த தமிழர் அக்காசுக்கு இட்ட பெயர் ‘வெள்ளி’. நாம் இளமையில் அறிந்த முதியவர் ஒருவர், மலாயாவில் பல்லாண்டு உழைத்துத் திரும்பி அம்பத்தூரில் குடியிருந்தவர், “அங்கே வெள்ளிக்கு நூறு காசு, தம்பி” என்று கூறுவது இன்னும் நம் செவியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நூறு காசுக்கு எவ்வாறு சமமாகும் என்று அன்று நாம் மயங்கியதும் நினைவிற்கு வருகிறது. வெண்மை என்னும் அடியினின்று பிறந்த இச்சொல் சங்க நூல்களில் விண்மீனின் பெயராக வருவதும், உலோகத்தை வெண்பொன் என்று கூறும் மரபு உண்மையும் மாணவர் அறிவர். கோளாகி, கிழமையாகி, உலோகமாகி, இறுதியில் கடல் கடந்து காசாயிற்று.

ஏன் வெள்ளி? இதற்கு மூன்று விளக்கங்கள் கூறலாம். முதலாவது, சீனர் வழக்கின் தாக்கம். சீனரும் வெள்ளி என்னும் பொருளுடைய தம் சொல்லால் பணத்தைச் சுட்டுவர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழரும் சீனரும் அருகருகே கடை வைத்தவர். இது இயலாததன்று. ஆயினும் ரூபாய் என்னும் சொல்லைப் போலச் சிறுதிரிபோடு ஒலியைக் கடன் வாங்குதலே சந்தையில் எளிது. பொருளை மட்டும் பெயர்த்துக்கொள்வதற்குத் தனிக் காரணம் வேண்டும். இரண்டாவது, சோழமண்டலத் துறைகளின் பழக்கம். நாகப்பட்டினத்தினின்றும் நாகூரினின்றும் பரங்கிப்பேட்டையினின்றும் சென்ற வணிகர்க்கு அக்காசு ஊரில் உலைக்குப் போகும் உலோகம். உலோகமாகக் கண்ட பொருளை அவர் உலோகப் பெயராலேயே அழைத்தனர். இது முன்னதினும் வலிமையுடையது. மூன்றாவது விளக்கமே நமக்கு மிகப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. அது இரண்டாவதை விலக்குவதன்று, நிறைவிப்பது. தென்னாட்டார்க்குப் பணம் என்றால் பொன். பொன் என்னும் சொல்லே காசின் பெயராயிருந்தது. பொன்னை எண்ணிப் பழகியவர் வெள்ளியை எண்ணும் நாட்டிற்குச் சென்றபோது, இரண்டற்கும் உள்ள முதல் வேறுபாடு உலோகமே. பொன்னுக்கு எதிர்மறையாக வெள்ளி நின்றது. வராகனில் பன்றியைப் பார்த்து நெடுங்காலமாயிற்று. கணக்கில் இருந்தது பொன். ஸ்பானியக் காசில் தூணும் விளிம்பும் தமிழர் கண்ணிற்குப் படாமலில்லை. அவை பெயரிடும் அளவிற்குப் புதுமையாகத் தோன்றவில்லை.

ரூபாய் என்னும் சொல்லையும் ஈண்டு ஒப்பிடுதல் தகும். அது வடமொழியில் வடிவு பொறித்த வெள்ளி எனப் பொருள்படும் ‘ரூப்ய’ என்பதினின்று வந்தது. ஆகவே ரூபாயும் வெள்ளியும் பொருளால் ஏறத்தாழ ஒன்றே. வடமொழிச் சொல்லில் அப்பொருள் மறைந்துவிட்டது. தமிழ்ச்சொல்லில் அது வெளிப்படையாக இருக்கிறது.

இனி, மாணவர் எடுத்துக்காட்டிய இறைசால். யாழ்ப்பாணத் தமிழில் இப்பெயர் குறித்தது ரிக்ஸ் டாலர் எனப்படும் காசினை. டச்சுக்காரர் ஆட்சியில் இலங்கையில் கணக்கு வைத்த அளவு அது; நாற்பத்தெட்டுத் துட்டளவு கொண்ட ஒரு மதிப்பு. (ஈண்டுத் துட்டு என்றது டச்சுக்காரரின் ‘ஸ்தூய்வர்’ என்னும் சிறுகாசை நோக்கியே, நம் ‘துட்டு’ என்னும் சொல் ‘தொய்த்’ என்னும் அவருடைய வேறொரு செப்புக்காசின் பெயரினின்று வந்தது.) ஆங்கிலேயரும் அதனைத் தொடர்ந்து வழங்கி, 1821-இல் யானை உருவம் பொறித்த வெள்ளி ரிக்ஸ் டாலரை வெளியிட்டனர். 1825-இல் அதன் மதிப்பு ஒரு சில்லிங்கு ஆறு பென்சு என்று வகுக்கப்பட்டது. 1872-இல் ரூபாயும் சதமும் வந்தன. டச்சுமொழியில் ‘ரெய்க்ஸ்தாள்தர்’ என்பது அக்காசின் பெயர். அரசின் தாலர் என்பது பொருள். அதன் முற்பகுதி ‘ரெய்க்ஸ்’. பிற்பகுதி நம் பள்ளத்தாக்குத் தாலர்.

ரகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. ஆகவே இகரம் முன்னே வந்தது. ராசா இராசா ஆனது போல. ‘ரெய்’ என்பது ‘றை’ ஆயிற்று. இடையில் நின்ற மெய்ம்மயக்கம் தமிழ் நாவிற்கு ஏலாமையின் சகரமாக ஒடுங்கியது. ‘தாள்’ என்பதன் நெடிலும் லகரமும் எஞ்சின. இவ்வாறு இறைசால் பிறந்தது என்று நாம் கொள்கிறோம். ரெயால் என்பதினின்று அது வந்ததாயின் சகரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை இல்லை. சகரத்திற்கு இடமளிப்பது டச்சுச் சொல்லே.

ஆயினும் மாணவர் கூற்றில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். இடையின ரகரத்தால் ‘இரைசால்’ என்று எழுதாமல், வல்லின றகரத்தால் இறைசால் என்று எழுதியது ஏன்? அங்கேதான் இறை என்னும் தமிழ்ச்சொல் வந்து புகுந்தது. இறை அரசனையும் குறிக்கும். அரசனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். வரியாகச் செலுத்தும் காசின் பெயரில் மக்கள் காது அச்சொல்லைக் கேட்டது இயல்பே. சொல் பிறந்தது ஆம்ஸ்டர்டாமில். அதன் எழுத்தைத் திருத்தியது யாழ்ப்பாணம். பிறப்பு வேறு, வளர்ப்பு வேறு. மாணவர் வளர்ப்பினைப் பிறப்பெனக் கொண்டார்; அவ்வளவே பிழை.

நகைக்கடைக்குத் திரும்புவோம். பதக்கத்தைக் குறிக்கும் டாலர் என்பது ‘தாலி’ என்பதன் திரிபு என்று கூறுவாரும் உளர். கழுத்தில் தொங்குவது என்னும் ஒப்புமை ஒன்றே அதற்கு ஆதாரம். டகரம் தமிழில் மொழிக்கு முதலில் வாராது. மொழிமுதல் தகரம் டகரமாகத் திரிவதும் நம் மொழி மரபன்று. ஆகவே இச்சொல் தன் முதலெழுத்தாலேயே தான் வந்தேறியது என்பதை உரைக்கிறது. காசினைத் துளையிட்டோ வளையம் பற்றவைத்தோ கழுத்தில் அணிவது நம் நாட்டில் பழைய வழக்கம். காசுமாலை அதன் எச்சம். சங்கிலியின் நடுவில் ஒற்றைப் பெருங்காசு தொங்கவிட்ட காலத்தில், பெருங்காசுக்கு ஐரோப்பியர் இட்ட டாலர் என்னும் பெயர் அணிக்குச் சென்றது என்று கருதுகின்றோம். பின்னர்க் காசு போய்ப் பிள்ளையாரும் திருமகளும் மயிலும் அவ்விடத்தில் வந்தமர்ந்தனர். வட்டம் போய் நீள்வட்டமும் இதய வடிவும் வந்தன. வெள்ளி போய்த் தங்கம் வந்தது. டாலர் என்னும் பெயர் மட்டும் பெயரவில்லை. சென்னையில் கடைத்தெருவிற்கு வாராமல் உலைக்குச் சென்ற காசு, அணியின் பெயராக வீடுதோறும் புகுந்துவிட்டது.

மலேசிய அரசு 1975-இல் தன் நாணயத்திற்கு ரிங்கிட் என்பதையே சட்டப்பெயராக்கியது. அந்நாட்டுத் தமிழ் ஏடுகளிலும் இன்று ரிங்கிட்டே மிகுதி. முதியோர் பேச்சில் வெள்ளி எஞ்சியிருக்கிறது. சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்குத் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. நாளிதழிலும் வானொலியிலும் அரசின் அறிவிப்பிலும் வெள்ளி என்பதே வழக்கு. ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் இன்று அங்கு வேலைக்குச் செல்லும் இளைஞர், வானூர்தி நிலையத்தில் டாலர் வாங்கிச் செல்கின்றனர். ஒரு திங்கள் கழித்து வீட்டிற்குத் தொலைபேசியிற் பேசும்போது வெள்ளி என்கின்றனர். அவர்கள் கையிலுள்ள பணத்தில் ஒரு குன்றிமணி வெள்ளியும் இல்லை.